நட்டவர் எடுக்காத கொடி

என் எக்ஸ்ரே அறையின் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. படம் எடுக்கும்போது எரியும், எடுத்து முடித்ததும் அணையும். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கோ அது எரியும் ஒவ்வொரு முறையும் ஒரு கொடிதான் ஞாபகத்துக்கு வருகிறது. பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து மூங்கில் குச்சியில் கட்டிய கொடி. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்துகொண்டு, பனிமூட்டத்துக்குள் மலையேறிப் போவார் என் பெரியம்மா. கேமரன் மலையில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் அவருக்குக் களைக்கு மருந்தடிக்கிற வேலை. அடித்து முடித்ததும் அந்த மலைக்குப் போகிற பாதையின் வாயில் கொடியை நட்டுவிட்டு வருவார். கொடி நிற்கும்வரை கொழுந்து பறிக்கிறவர்கள் உள்ளே போகக்கூடாது, ஆடு மாடு போகக்கூடாது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கொடியை யார் நட்டாரோ அவரேதான் எடுக்க வேண்டும். எந்த நிரையில் எவ்வளவு அடித்தோம், நடுவில் மழை பிடித்ததா, காய்ந்ததா என்பதெல்லாம் நட்டவருக்குத்தானே தெரியும்! மேனேஜரே வந்து எடுக்கச் சொன்னாலும் வேறு யாரும் அந்தக் குச்சியில் கை வைக்க மாட்டார்கள்.

சாயங்காலம் அவர் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பார்த்ததும் நான் ஓடுவேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "கிட்ட வராத! கிட்ட வராத பாப்பா! மேலெல்லாம் மருந்து!" என்று கத்துவார். நேராக வெளிக்குழாய்க்குப் போவார். அந்தக் குளிரில், அந்தத் தண்ணீரில், பல் கிடுகிடுக்கத் தலையோடு குளிப்பார். உடுத்தியிருந்த துணி தனித் தகர வாளிக்குப் போகும். எங்கள் துணியோடு அது சேரவே சேராது. அதற்குப் பிறகுதான் என்னைத் தூக்குவார். அப்படித் தூக்கினால் இறக்கிவிடவே மாட்டார். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. தரித்த இரண்டும் தங்கவில்லை. மருந்துதான் தின்றுவிட்டது என்று அவர் நம்பினார். நான் அதை மறுக்கவும் மாட்டேன், ஆமாம் என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். அந்தக் கைகளின் நகங்கள் கறுத்து, பிளந்து, பாதி உதிர்ந்து கிடந்ததை மட்டும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மருந்து கலக்கும் கொட்டகையில் மஞ்சள் முக்கோணத்துக்குள் மண்டையோடு வரைந்த பலகை தொங்கும். அதைக் காட்டி ஒருநாள் பெண்கள் கேட்டார்களாம். தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி, "அட, தண்ணி மாதிரி லா இது! ஒண்ணும் ஆகாது, அடிங்க" என்றாராம். சொன்னது எங்கே நின்று? ரோட்டில், லோரிக்கு அந்தப் பக்கம், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு. பெரியம்மா இந்தக் கதையை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். கடைசியில் எப்போதும் ஒரே வார்த்தை: "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவன் எங்க நின்னு சொல்றான்னு மொதல்ல பாரு."

நான் படித்து, எக்ஸ்ரே எடுக்கிறவளாகி, மலைமேல் இருந்த ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வந்தேன். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். எனக்கென்று மிச்சம் இருந்தவர் பெரியம்மாதான். எனக்குக் கல்யாணமாகி, வயிற்றுப் பிள்ளைக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது அவர் இருமலோடு வந்தார். வெகுநாளாக இருந்த இருமல், சொல்லாமல் மறைத்திருக்கிறார். சளியைச் சோதித்தார்கள், காசநோய் இல்லை. நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லி டாக்டர் என்னிடம் அனுப்பினார். பெரியம்மா கதவருகில் வந்து அப்படியே நின்றுவிட்டார். கதவில் மஞ்சள் முக்கோணம். மேலே சிவப்பு விளக்கு. "உள்ள என்னா மருந்து வச்சிருக்கீங்க?" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரிக்கிற விஷயமா அது, என்று இப்போது கோபம் வருகிறது.

"மருந்தெல்லாம் இல்ல பெரிம்மா. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம், அவ்ளோதான். சுவிட்சு போட்டா வரும், விட்டா போயிரும்."

என் வயிற்றைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், உள்ளே வந்தார். பலகையில் நெஞ்சைச் சாய்த்து நிற்கவைத்துவிட்டு, நான் என் இடத்துக்கு, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போனேன். மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். முடிந்தது. திரும்பி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ எங்க போயி நின்ன?"

தினமும் பல பேருக்கு எடுக்கிறவள் நான், அதனால் ஒதுங்கி நிற்கிறேன், எப்போதோ ஒருமுறை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்று பொறுமையாகச் சொன்னேன். என் சட்டையில் குத்தியிருந்த சிறு பட்டையைக் காட்டி, "இது என்னா?" என்றார். எங்கள்மேல் எவ்வளவு படுகிறது என்று அளக்கிற பட்டை என்றேன். "ஒண்ணும் ஆகாதுன்னா என்னாத்துக்கு அளக்கிறாங்க?" பட்டையையே பார்த்துக்கொண்டு, "எங்கள யாரும் அளக்கவே இல்லியே பாப்பா" என்றார். கிளம்பும்போது வழக்கம்போல என் வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியவர், பாதியிலேயே இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

படத்தில் வலது நுரையீரலில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. சின்னதுதான். ஆனால் இருக்கக்கூடாத இடம். ஈப்போ நகரத்துக்கு இறங்கிப் போய் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும், தாமதிக்க வேண்டாம் என்று டாக்டர் தேதி வாங்கிக் கொடுத்தார். அந்தத் தேதியன்று என் வீட்டுக்காரர் கார் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனால், பெரியம்மா ஏறமாட்டேன் என்கிறார். நானே போனேன். பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தனியே இழுத்து நடந்ததைச் சொன்னார். எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்த அன்றைக்கே பெரியம்மா வெளிக்குழாயில் தலையோடு குளித்திருக்கிறார், அந்த இருமலோடு! அன்று கட்டியிருந்த சேலை தகர வாளியில் கிடந்தது. லயத்துப் பிள்ளைகள் யாரையும் வாசலில் ஏறவிடவில்லையாம்.

கத்தினேன். அழுதேன். எக்ஸ்ரே, சி.டி. எதுவும் உடம்பில் தங்காது, துணியில் ஒட்டாது என்று தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். அவரிடமும் ஒரு கணக்கு இருந்தது. அவரோடு மருந்தடித்த ஒரு பெண் கழுத்துக் கட்டிக்காக ஈப்போவில் ஏதோ குடித்துவிட்டு வந்தாராம். சில நாளைக்குப் பேரப்பிள்ளையைத் தூக்காதே, தள்ளிப் படு என்று அந்த ஆஸ்பத்திரிக்காரர்களே சொல்லி அனுப்பினார்களாம். "அவங்களே சொல்றாங்கல்ல?" சொன்னது உண்மைதான். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது வேறு, உடம்புக்குள் போய்க் கொஞ்ச காலம் தங்குகிற மருந்து அது. அதனால்தான் அந்த எச்சரிக்கை. ஸ்கேன் அப்படி இல்லை. அது வேறு, இது வேறு என்று எத்தனை விதமாகச் சொன்னாலும், அவருக்கு எல்லாம் ஒரே மஞ்சள் முக்கோணமாகத்தான் தெரிந்தது. நான் சொன்ன ஒவ்வொரு "ஒண்ணும் ஆகாது"க்கும் பின்னால் அந்தக் கிராணி கைக்குட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அந்த ஆளை என்னால் நகர்த்த முடியவில்லை.

"நான் போவேன்டி. போவமாட்டேன்னா சொல்றேன்? ஒனக்குப் புள்ள பொறந்தா யாரு குளிப்பாட்டுறது? ஒங்கம்மா இருக்காளா? நான்தானே. குளிப்பாட்டுற கையில அந்த வெளிச்சத்த ஏத்திக்கிட்டு வந்து, பச்சப்புள்ளயத் தொடச் சொல்றியா? புள்ளைக்கு முப்பது நாளு கழியட்டும். சாமி கும்பிட்ட மறுநாளு நானே காருல ஏறிக்குவேன்."

அதற்குமேல் யார் சொல்லியும் கேட்கவில்லை. டாக்டர் "பயப்படாதீங்க மக்சிக்" என்று, அத்தை முறை வைத்துக் கூப்பிட்டு, மலாயில் ஆறுதலாகப் பேசிப் பார்த்தார். தேதியை மாற்றிக் கொடுத்தார், மறுபடியும் மாற்றினார். என் மகள் பிறந்தாள். பெரியம்மா எங்கள் வீட்டோடு வந்து தங்கினார்.

அந்த ஒரு மாதத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் வெந்நீர் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, அந்தப் பிளந்த நகம் படாமல் விரலை மடக்கி மடக்கி எண்ணெய் தேய்ப்பார். மூக்கை நீவிவிடுவார். "அடி என் கருவாச்சி, அடி என் சீமாட்டி" என்று கொஞ்சுவார். இருமல் வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடுவார். அந்தத் துண்டு தனி வாளியில் ஊறும். ஒருநாள் வாளித் தண்ணீர் சிவந்திருந்ததைப் பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்தேன், இப்போதே போவோம் என்றேன். "இன்னும் கொஞ்ச நாளுதானே, சும்மா இரு" என்றார். பிள்ளை பெற்றவளைவிட அவர்தான் வேகமாக இளைத்தார். ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாவி மனுஷி! இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து என் மகளைத்தான் குளிப்பாட்டினார்.

சொன்ன சொல் தவறவில்லை. முப்பதுக்குச் சாமி கும்பிட்ட மறுநாள் காலையில் குளித்து, சேலை கட்டி, எங்களுக்கு முன்பே காரில் போய் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை. கம்போங் ராஜாவைத் தாண்டி ஈப்போ ரோட்டில் இறங்கும்வரை அதன் உச்சந்தலையை முகர்ந்துகொண்டே வந்தார். ஸ்கேன் அறை வாசலில் குழந்தையை என்னிடம் கொடுத்தபோது, மறுபடி ஒருமுறை வாங்கி, முத்தம் கொடுத்துவிட்டுத் திருப்பித் தந்தார். வெளியே வந்தபோது இரண்டு கைகளும் பின்னால் கட்டியிருந்தன. பால் குடிக்காமல் வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை அவர் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது. பெரியம்மா சுவரோரமாக ஒதுங்கினார். "கொடி நட்டாச்சு பாப்பா. கிட்ட கொண்டாராத."

வெள்ளைப் புள்ளி ஈரலுக்கும் எலும்புக்கும் போயிருந்தது. படங்களை நானே பார்த்தேன். யாரும் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்பே வந்திருந்தால் என்று ஆரம்பித்த ஈப்போ டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிழைத்திருப்பார் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நேரம் இருந்திருக்கும். வைத்தியம் பார்க்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே பின்னறையில் கிடந்தார். குழந்தை அழுதால், "பசிக்குதுடி அதுக்கு", "வயித்த வலிக்குது போல, ஓமத்தண்ணி குடு" என்று அங்கிருந்தே குரல் வரும். நான் தூக்கிக்கொண்டு போனால் கைகளைக் கம்பளிக்குள் இழுத்துக்கொள்வார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "பெரிம்மா, கொடிய எடுத்தாச்சு. நானே போயி எடுத்துட்டேன். தொடுங்க" என்றேன். என்னை வெகுநேரம் பார்த்தார். "நட்டவங்கதான்டி எடுக்கணும்" என்றார். "கொஞ்சம் தெம்பு வரட்டும், எடுத்துர்றேன்."

தெம்பு வரவில்லை. ஒரு மத்தியானம், வெளியே மழை பிடித்திருந்தபோது, அடங்கிப் போனார். கம்பளியை விலக்கி அந்தக் கைகளை நாங்கள்தான் வெளியே எடுத்தோம். குழந்தையின் பிஞ்சு விரலை அந்தக் கறுத்த விரல்மேல் வைத்தேன். அது என்ன நினைத்ததோ, கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நான் அழுத அழுகை நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் அதே அறையில்தான் இருக்கிறேன். போன வாரம் ரிங்லெட் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். காய்கறித் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். நகங்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. படம் எடுத்தேன். விளக்கு அணைந்தது. நான் இப்போதெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஆறுதல் சொல்வதில்லை. உள்ளே போய், தோளோடு தோள் உரச நின்றுகொண்டு, "ஒண்ணும் ஆகாதும்மா, எதுவும் தங்காது" என்றேன். தலையை ஆட்டினார். கதவைத் திறந்துவிட்டேன். வெளியே அவர் மகள் கைக்குழந்தையை நீட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாவின் இரண்டு கைகளும் மெல்லப் பின்னால் போயின.

அடுத்தவர் பெயரைக் கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்தினேன். வெளியே போனேன். மகளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, அந்த அம்மாவின் கைகளைப் பிடித்து முன்னால் இழுத்தேன். வரமாட்டேன் என்று அவை முரண்டு பிடித்தன. விடவில்லை நான். குழந்தையை அந்தக் கைகளில் வைத்து, அவர் இறுக்கிப் பிடிக்கும்வரை என் கைகளைக் கீழே கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.