மூக்கண்ணன் வைத்த பருப்பு

அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மனுஷன் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தார். உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் போய் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். முன்பெல்லாம் இப்படியா? கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் போட்டுக்கொண்டு மூக்காலேயே சமைத்தவர் அவர். வெங்காயம் சிவந்துவிட்டதா, சோறு அடிபிடிக்கப் பார்க்கிறதா, எல்லாம் இருந்த இடத்திலிருந்தே தெரியும். மனைவி செருப்புக் கடை வேலை முடிந்து வருவதற்குள் சாப்பாடு தயாராக இருக்கும்.

அவர் வேலையும் அந்த மூக்கால் வந்ததுதான். கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் தூக்கச் சேர்ந்தவர், ஒருநாள் ஒரு வீட்டு வாசலில் நின்றபடியே "உள்ள எங்கேயோ கசியுது" என்றார். பார்த்தால் உண்மைதான். அன்றே அவரைக் கசிவு பார்க்கிற ஆளாக்கிவிட்டார்கள். அதிலிருந்து மேனேஜர் உட்பட எல்லோருக்கும் அவர் மூக்கண்ணன். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு முகத்தில்தான் இருக்கிறது, சளிகூட ஒழுங்காக ஒழுகுகிறது. மோப்பம் மட்டும் கிடையாது. இன்று வரும் நாளை வரும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேலை போகும். தெரியாமலே இருந்தால் யார் வீடாவது போகும். இரண்டுக்கும் நடுவில் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஊரை ஏமாற்றலாம், அடுப்பை ஏமாற்ற முடியுமா? ஒருநாள் உருளைக்கிழங்கு கரியாகி, புகை கூடத்துக்கே வந்து கண்ணைக் கரித்த பிறகுதான் எழுந்து ஓடினார். போன வாரம் அழுகிய முட்டையை மிளகு தூவிப் பொரித்து, ஓரத்தில் தக்காளி வெட்டி வைத்து, பெருமையாக நீட்டினார். மனைவி தட்டோடு வாசலுக்கு ஓடினாள்.

இப்போது பருப்பு பொங்கி வருவதுபோல் இருந்தது. கொஞ்சம் எண்ணெய் விட்டால் அடங்கும். மேடையிலிருந்த பாட்டிலை எடுத்துச் சாய்த்தார். அடங்கவில்லை, இன்னும் ஏறியது. இன்னும் கொஞ்சம் விட்டார். பதற்றத்தில் பாட்டிலையே கவிழ்த்துவிட்டார். வெள்ளை நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, மேடையில் வழிந்து, தரைக்கு இறங்கி அவர் காலைக் கழுவியது. அந்த நேரம் பார்த்துத்தான் மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க இது, துணி துவைக்கிறீங்களா?"

"எண்ணெய்தான்மா விட்டேன். ஏதோ கலப்படம்."

அவள் பாட்டிலை வாங்கி முகர்ந்தாள். வாசனை போனதிலிருந்து, வீட்டுக்காரர் பார்க்காதபோது கசிவு பார்க்க அவர் பையில் கொண்டுபோகும் சோப்புத் தண்ணீர். ட்யூபில் தடவினால், கசியும் இடத்தில் குமிழ் விடும்.

"எலுமிச்சை வாசனை தெருமுனை வரைக்கும் வருது. உங்க மூக்குக்கு என்ன ஆச்சு?"

"அவசரத்துல கவனிக்கல."

"இனிமே இது அடுப்படிப் பக்கம் வரட்டும், சொல்றேன்" என்று பாட்டிலைக் குப்பைக் கூடையில் வீசினாள்.

மறுநாள் காலை ஒரு கைக்குழந்தைக்காரி வீட்டிலிருந்து அழைப்பு வந்து போனார். "அப்பப்ப லேசா கேஸ் வாசனை வருதுண்ணா" என்றாள். பையில் கையை விட்டார், பாட்டில் இல்லை; அது குப்பைக்குப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் சோப்பு கொடும்மா என்று கேட்டிருக்கலாம். மூக்கண்ணனே சோப்புக் கேட்டார் என்று பேச்சாகிவிடுமே என்று பயம். சிலிண்டர் பக்கம் குனிந்து உறிஞ்சு உறிஞ்சென்று உறிஞ்சினார். "ஒண்ணும் இல்லம்மா, தைரியமா சமைங்க" என்றார். படியிறங்கும்போது ஒருமுறை நின்று அந்த வாசலைப் பார்த்தார். ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கூடத்தில் நடந்தார். மனசு முழுக்க அந்த வீடுதான். வந்து பார்த்தபோது பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. துடைத்தார், பாத்திரத்தை நேராக வைத்தார், லைட்டரை எடுத்தார். மூக்கு சும்மா இருந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அத்தனை வருஷப் பழக்கம்.

"கையை எடுங்க!"

மனைவி படியிலேயே மோப்பம் பிடித்து ஓடி வந்திருந்தாள். லைட்டரைப் பிடுங்கினாள், அடுப்பைத் திருகி மூடினாள், ஜன்னலைத் திறந்தாள். அவள் கை மின்விசிறி சுவிட்சுக்குப் போனது. "சுவிட்ச தொடாதே!" என்று இவர் கத்தினார். இருவரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள்.

"எத்தனை நாளா இப்படி?" அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ரெண்டு மாசமா."

"எங்கிட்ட கூடவா சொல்லக் கூடாது?" என்றாள். கோபம், கண்ணில் தண்ணீர்.

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. "காலைல ஒரு வீட்டுல கசிவு இல்லன்னு சொல்லிட்டேன். கைக்குழந்தை இருக்கு."

"சோப்புத் தண்ணி போட்டுப் பாத்தீங்கல்ல?"

"அதான் பருப்புல போயிடுச்சே."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டுப் போன் எண் ஏஜென்சியில்தான் இருந்தது. ஏன் என்று கேட்பார்கள். அவர் கையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழைத்தார்.

"சார், காலைல நான் பாத்த வீட்டுக்கு உடனே பேசுங்க. அடுப்பு, சுவிட்ச் எதையும் தொடாம குழந்தைய தூக்கிட்டு வெளிய வரச் சொல்லுங்க. எனக்கு வாசனை தெரியாமப் போயி ரெண்டு மாசம் ஆச்சு சார்."

"முதல்ல அங்க ஓடுங்க. மத்தத நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார் மேனேஜர்.

இருவரும் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் குழந்தையோடு தெருவில் நின்றிருந்தாள். மனைவிதான் முதலில் உள்ளே போனாள். "கீழ, சிலிண்டர்கிட்ட" என்றாள். காலையில் கேட்காத சோப்பை இப்போது கேட்டு வாங்கிக் கரைத்து, ட்யூபில் தடவினார். குமிழ் ஒன்று சாவகாசமாக ஊதிக்கொண்டு எழுந்தது. வாயுவை மூடிவிட்டுப் புது ட்யூப் மாட்டினார். மறுபடி திறந்து தடவிப் பார்த்தார். குமிழ் இல்லை. அப்படியும் இன்னொரு முறை தடவினார்.

"நல்லவேளை திரும்பி வந்தீங்கண்ணா" என்றாள் அந்தப் பெண். "காலைல இல்லாதது சாயங்காலத்துக்குள்ள எப்படி வந்துச்சு?"

ஒரு நல்ல பொய் நாக்கு நுனியிலேயே இருந்தது. பழைய ட்யூப், எப்போது வேண்டுமானாலும் விரியும் என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? குழந்தை கையை நீட்டி அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"காலைலயும் இருந்துச்சும்மா" என்றார். "எனக்குத்தான் தெரியல."