அடித்துவிட்ட வீடு

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் நீளக் கட்டடம், எங்கள் லயம், வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அக்கரப்பத்தனை ரோட்டில் வேனை நிறுத்தி வெளிநாட்டுக்காரர்கள் அதைப் படம் எடுக்கிறார்கள். பழமையான கட்டடமாம். ஒரு மழைக்கு உள்ளே வந்து இருந்து பார்க்கட்டும், பழமை பிடரியில் சொட்டும்.

போன ஆடி மழையில் கூரைத் தகரம் இற்றுப்போய், பின்சுவருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், நாளுக்கு நாள் வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தச் சுவரோரம்தான் படுப்பார்கள். வேறு இடம் கிடையாது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

தோட்டத்தில் கூரையைத் தொட ஆபீஸ் அனுமதி வேண்டும், கேட்காமல் தொட்டால் வேலையிலிருந்தே நிறுத்திவிடுவார்கள். ‘எங்கள் வீடு ஒழுகுகிறது, தகரம் மாற்ற அனுமதி தாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். கிளாக்கர் ‘வீடு’ என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே ‘காம்பரா’, அதாவது அறை, என்று எழுதினார். நாங்கள் இருப்பது தோட்டத்துக்குச் சொந்தமான காம்பராவாம், வீடு என்று எழுதினால் உரிமை கேட்பது போலாகிவிடுமாம். திருத்திக்கொண்டு வரச் சொன்னார். நாலு தலைமுறையாக அந்த அறைக்குள்ளேதான் பிறந்து செத்திருக்கிறோம்.

பிள்ளைகளை நினைத்து வேறு தாளில் திருத்தி எழுதிக் கொடுத்தேன். தோட்டத்து மேனேஜர் தொரை கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், அப்புறம் தொரை கொழும்பில் என்றார்கள். மூன்றாம் வாரம், ஒழுகிய தண்ணீரை வாளியோடு தூக்கிப்போய் ஆபீஸ் படியில் வைத்தேன்.

“கூர ஒங்களோடதுன்னா இந்தத் தண்ணியும் ஒங்களோடதுதாங்க” என்றேன்.

கிளாக்கர் வாளியை ஓரமாக வைக்கச் சொன்னாரே தவிர, கடிதத்தைத் தேடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் டவுனிலிருந்து தகரத்தைத் தலையில் சுமந்து வந்தோம். லயம் முழுக்க ஒரே கூரை, எங்கள் தகரத்தைக் கழற்றினால் அடுத்த காம்பராவும் நனையும். அங்கே இருக்கும் அக்கா தன் சாமான்களை வெளியே எடுத்துவிட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் கூரையை மேய்ந்து, சுவருக்கும் மரம் வைத்து முட்டுக்கொடுத்தோம்.

மறுநாள் காலை கிளாக்கர் வாசலுக்கே வந்துவிட்டார். யாரைக் கேட்டுக் காம்பராவில் கைவைத்தீர்கள் என்றார். நான் உள்ளே போய், சிவப்பு அடித்த அந்த முதல் கடிதத்தை எடுத்து வந்து நீட்டினேன்.

“காம்பராவுல நாங்க கைவைக்கலைங்க ஐயா. நீங்க அடிச்சீங்களே வீடு, அதத்தான் மேஞ்சோம்.”