நெற்றியில் எழுதிய பத்து பத்து

பட்டாளத்து அக்கா ராணுவத்தில் பன்னிரண்டு வருடம் காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்துவிட்டு ஆம்புலன்ஸ் வேலைக்கு வந்தவர். வரும்போது ஒரு பட்டையும் கூடவே வந்தது. வெட்டுப்பட்ட காலில் அதைச் சுற்றி, அதிலுள்ள குச்சியைத் திருகினால் ரத்தம் நின்றுவிடும். பழகிப்பார்க்க எந்தக் கால் அகப்பட்டாலும் விடமாட்டார். அவர் வீட்டில் வருடக்கணக்காகச் சொட்டிய குழாய்கூட அவர் பட்டையோடு வருவதைப் பார்த்துத் தானாக நின்றுவிட்டது. நம்பாதவர்கள் போய்த் திறந்து பார்க்கலாம்.

அவர் கணவர்தான் நிற்காமல் கத்தினார். "அடியே, அவிழ்த்து விடு! நான் என்ன எதிரி நாட்டுக்காரனா?"

"எதிரிக்கும் இப்படித்தாங்க கட்டுவோம். காலை ஆட்டாதீங்க."

கட்டிய நேரத்தைக் காயம்பட்டவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதிவிட வேண்டும் என்பது போர்க்கள வழக்கம். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் கவனிக்காவிட்டால் காலே போய்விடலாம்.

அன்று மரம் அறுக்கும் கூடத்தில் ஒருவர் தொடையில் ரம்பம் பாய்ந்துவிட்டது. அக்கா பட்டையை இறுக்கினார், நெற்றியில் நேரத்தை எழுதினார். மருத்துவமனை வாசலில் இரண்டு கைகள் நீண்டன. "பத்து பத்துக்குக் கட்டினது!" என்று உரக்கச் சொன்னார். "சரிக்கா" என்று பதில் வந்தது. ராணுவக் கூடாரத்தின் வாசலில் கை நீட்டுகிறவர் எவரும் மருத்துவம் தெரிந்தவர்தான். இங்கே கை நீட்டியவர் ஸ்ட்ரெச்சர் வண்டி தள்ளுகிறவர்.

பதினொன்று நாற்பதுக்கு, மூச்சிரைப்பு வந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு அக்கா மறுபடி அங்கே வந்தார். உள்ளே நடைபாதை ஓரத்தில், கழுத்துவரை போர்வையோடு அதே ரம்பக்காரர். நெற்றி பளிச்சென்று இருந்தது.

"நெத்தியில எழுதினது எங்க?"

"நான்தாம்மா தொடைக்கச் சொன்னேன்" என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி. "மனுஷன் அடிபட்டுக் கிடக்கிறாரு, மூஞ்சில கிறுக்கி வெச்சா சகிக்குதா?"

வண்டி தள்ளுகிறவர் தலையைச் சொறிந்தார். "ரத்தமே வரலியேக்கா. சின்னக் காயம்னு வரிசையில விட்டுட்டாங்க."

அக்கா போர்வையை விலக்கினார். பட்டை அப்படியே இருந்தது. கீழே பாதம் மெழுகுபோல் வெளுத்துக் கிடந்தது.

"கழட்டிரவா அக்கா?" என்று வண்டி தள்ளுகிறவர் பட்டையை நோக்கிக் கை நீட்டினார்.

"கை வெச்சே, தொலைச்சிருவேன்! அவிழ்த்தா ரத்தம் பீறிடும்! ஆபரேஷன் டாக்டரைக் கூப்பிடு! கட்டி ஒன்றரை மணி நேரம் ஆச்சு!"

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு வண்டி அறுவைக் கூடத்துக்குள் போனது. அக்கா தரையில் உட்கார்ந்து கடிகாரத்தையே வெறித்தார். மூன்று மணிக்கு வெளியே வந்த மருத்துவர், "கால் தப்பிச்சிடுச்சு. கட்டினது சரியாத்தான் கட்டியிருக்கீங்க. ஆனா நேரத்தை யார்கிட்ட சொன்னீங்க?" என்றார்.

ராணுவத்தில் இருந்த பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அக்காவிடம் கேட்டதில்லை.

இப்போதெல்லாம் நெற்றியில் எழுதுவதோடு சரி என்று விடுவதில்லை. மருத்துவரோ நர்ஸோ நேரத்தைத் திருப்பிச் சொல்லும்வரை தள்ளுவண்டியிலிருந்து கையை எடுப்பதில்லை. வண்டி தள்ளுகிறவரும் மிரண்டுபோயிருக்கிறார். காய்ச்சல்காரர் வந்து இறங்கினாலும் முதலில் நெற்றியைப் பார்க்கிறார், பிறகு போர்வையைத் தூக்கிக் காலைப் பார்க்கிறார், அப்புறம்தான் தள்ளுகிறார்.