வாய் கழுவிக் காத்திருந்த காலை

எங்கள் அலுவலகம் கண்டியிலிருந்து கடுகண்ணாவைக்குப் போகும் வழியில், தேயிலை பொதி செய்யும் நிறுவனத்தில் இருக்கிறது. ஸ்டெம் செல் கொடையாளர்களாகப் பதிவு செய்ய ஊழியர்களை ஊக்குவிக்கலாம் என்று மேலாளர் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பொறுப்பை ஏற்க நான் கையைத் தூக்கிவிட்டேன்.

பக்கத்து மேசை அக்காவுக்கு இது வெறும் நிகழ்ச்சியல்ல. கலகெதரவில் அவருடைய அண்ணன் மகளுக்கு இரத்தப் புற்றுநோய். வீட்டில் யாருடைய செல்லும் பொருந்தவில்லை, வெளியில்தான் தேட வேண்டும். பிள்ளையின் படத்தைப் போட்டுச் சுவரொட்டி அடிப்போமா என்று கேட்டேன்.

“வேணாம் தங்கச்சி. பாவம் பாத்து இன்டைக்கிப் பேர் குடுப்பாங்க. நாளைக்கு வரச் சொல்லி கோல் வந்தா ஒளிஞ்சிருவாங்க. விளங்கி வாறவங்க வந்தாப் போதும்.”

ஆகவே மேசை மேசையாகப் போய் விளக்கினேன். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவுவார்கள், அவ்வளவுதான். யாருக்காவது பொருந்தினால் பிறகு அழைப்பார்கள். பெரும்பாலும் கையிலிருந்து இரத்தம் எடுப்பது போலத்தான் இருக்கும்.

இரத்த தானம் என்றால் முதலில் வயிற்றை நிரப்புவது எங்கள் வழக்கம். அதே நினைப்பில் நலன்புரிச் சங்கம் பதிவு நாளான திங்கட்கிழமை காலை மீன் அடைத்த பணிஸும் பால் தேநீரும் கொடுத்தது. நானும் இரண்டு சாப்பிட்டேன். பஞ்சுக் குச்சிகளோடு வந்திருந்த யாழ்ப்பாணத்துத் தாதி வரிசையைப் பார்த்தார். அநேகமாக எல்லார் உதட்டிலும் பணிஸ் துணுக்கு.

“வாயைக் கழுவிப்போட்டு அரை மணித்தியாலம் இருங்கோ. ஒண்டும் சாப்பிடக்கூடாது.”

கணக்குப் பகுதி நானா மட்டும் சிரித்தார். திங்கட்கிழமைகளில் அவர் சுன்னத்து நோன்பு என்ற விருப்ப நோன்பு பிடிப்பவர்; பணிஸைத் தொடவேயில்லை. “எனக்கு இப்பவே எடுக்கேலும் மிஸ். முழுங்காட்டி நோம்புக்கு ஒண்டும் இல்ல.”

“பாருங்கய்யா, பட்டினி கெடந்தவரு முன்னுக்குப் போயிட்டாரு!” என்றார் எங்கள் லொறியை ஓட்டும் வத்தேகமக்காரரான லொறி அண்ணன். “வெத்தில இல்லாம அரை மணி நேரம் நான் எங்க இருக்கிறது?”

“போங்களேன், ஆரு புடிச்சி வச்ச?” என்றார் அக்கா.

லொறி அண்ணன் போகவில்லை. வேலை இருக்கிறதென்று சிலர் நழுவினார்கள். பின்னால் ஓடப்போன என்னை அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“கூப்பிட்டா யாருக்குன்னு சொல்லுவீங்களா?” லொறி அண்ணன் தாதியிடம் கேட்டார்.

“இல்லை அண்ணை. வேற நாட்டு ஆளாயும் இருக்கலாம்.”

“சம்பளத்தோட லீவு?”

தாதி மேலாளரைப் பார்த்தார். எல்லோர் முன்னாலும் மேலாளர் தருவதாகச் சொன்னார். லொறி அண்ணன் கதிரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, கைப்பையை மேசையில் வைத்தபடி அக்கா சொன்னார். “இங்க பேர் குடுத்த எங்கட ஆக்கள்ல ஒத்தரும் புள்ளைக்குச் சரிவரல்ல. இன்னும் தேடிட்டுத்தான் ஈக்காங்க.”

அந்த நேரம் பார்த்து லொறி அண்ணன் புதுப் போனோடு உள்ளே வந்தார்.

“நம்பரும் மாத்திட்டீங்களா?” என்று கேட்டார் அக்கா.

“ஆமாங்க. இதுல டேட்டா கூடக் கெடைக்குது.”

“அவங்களுக்குச் சொன்னீங்களா?”

“எவங்களுக்கு?”

“பஞ்சு எடுத்தவங்களுக்கு. ஒங்கடது வேற ஒரு புள்ளைக்குச் சரிவந்தா ஒங்கள எங்க தேடுற?”

நான் பதிவு நிலையத்தின் எண்ணை வாசிக்க வாசிக்க, அவர் நின்ற இடத்திலேயே அழுத்தினார். மறுமுனையில் ஆள் பேசும்வரை அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.