டீமேக்கர் ஐயா வேண்டாம் என்ற பேக்கப்

1. டிக் டிக்

ஹார்ட் டிஸ்க்குக்குள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று தொழிலில் இருப்பவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பசறைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டபோது டிஸ்க் சாகப் போகிறது என்று விளங்கிவிட்டது.

வீடு ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவருடையது. தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து தூளாகி வெளியே வரும்வரை ஒரு காலத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். ஓய்வுக்குப் பிறகு அந்தச் சட்டம் வீட்டுக்குள் வந்துவிட்டது. டிவி மேசைக்குக் கீழே ஒரு சின்ன மீடியா சேர்வர். குடும்பத்து வீடியோ, போட்டோ எல்லாம் அதற்குள். ரிமோட்டை அழுத்தினால் டிவியில் வரும். பதுளை பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நான்தான் அதைப் பொருத்திக் கொடுத்தேன். இடம் நிரம்பிவிட்டது, பெரிய டிஸ்க் போட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். பழையதிலிருந்து புதியதற்குக் கொப்பி போட்டுக்கொண்டிருந்தேன். பாதிகூடப் போகவில்லை, டிக், டிக். பிறகு அதுவும் நின்றது. கேபிளை மாற்றினேன். வேறு பவர் சப்ளை கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

“ஐயா, பழைய டிஸ்க் போயிருச்சுங்க,” என்றேன்.

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். “சரி, போனா போகட்டும்,” என்றார்.

“அப்பிடி விட முடியாதுங்க. நான் முந்தி பேக்கப் எடுத்துக் குடுத்தேனே, கறுப்பா ஒரு சின்னப் பெட்டி. அதக் குடுங்க, திருப்பிப் போட்டுடலாம்.”

“அது வேணாம்.”

“ஏங்க?”

“வேணாம்னா வேணாம் தம்பி. புது டிஸ்க்க அப்பிடியே மாட்டிட்டுப் போங்க.”

டிஸ்க் போனதற்கு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். என் சட்டையைப் பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பேக்கப்பை வீட்டில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்றவரை அன்றுதான் பார்த்தேன்.

2. அலுமாரியில் இருந்த பெட்டி

அவருடைய மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு என்னைக் கண்டால் ஆகாது. கடைசி இரண்டு மூன்று தடவை நான் போனபோது தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டதில்லை. மலையக வீட்டில் அது லேசான விஷயமில்லை. என்ன குற்றம் செய்தேன் என்று தெரியாமல் எனக்கும் உள்ளுக்குள் கோபம்தான்.

“இப்ப மூத்தவன் கல்யாண வீடியோவும் போச்சா?” என்றார் என்னைப் பார்த்து. “ஒங்க கை பட்டாலே இப்பிடித்தான்.”

சுருக்கென்றது. “அம்மா, பேக்கப் இருந்தா அது போகாது. ஐயாதான் வேணாங்கிறாரு.”

அம்மா கணவரை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, ஐயாவின் சட்டைகளுக்கு அடியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். ஐயா வாசலுக்குப் போய் நமுனுகுல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேக்கப் நல்லபடி ஓடியது. பகல் சோற்று நேரம் தாண்டி, எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்குத் திருப்பி ஏற்றும் ரீஸ்டோர் வேலை முடிந்தது.

3. ‘புதிதாகச் சேர்ந்தவை’

எனக்கு ஒரு வழக்கம். ரீஸ்டோர் முடிந்ததும் வீட்டுக்காரர்களை உட்கார வைத்து, டிவியில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் பையைக் கட்டுவேன். பிறகு அது இல்லை, இது இல்லை என்று போன் வரக் கூடாது பாருங்கள். அன்றும் கூப்பிட்டேன். ஐயா வரவில்லை. அம்மா மட்டும் வந்து உட்கார்ந்தார்.

தன் பதிவில் ஏற்கெனவே இருக்கும் படத்தையும் வீடியோவையும் சேர்வர் பழையது என்று விட்டுவிடும். பதிவில் இல்லாததைப் புதிது என்று முன்னால் கொண்டுவந்து காட்டும். டிவியைப் போட்டதும் ‘புதிதாகச் சேர்ந்தவை’ என்று ஒரு வரிசை வந்தது. வரிசை முழுக்க ஒரே பெண். சடங்குக்குப் பட்டுச் சேலை கட்டியபடி ஒன்று. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கப்போடு ஒன்று. ஃபெக்டரி வாசலில் ஐயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்று.

அவர்களுடைய மகள். ஒரு சிங்களப் பையனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு மொனராகலைக்குப் போனவள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பெயரையே எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அம்மா எழுந்து போய்த் திரையைத் தொட்டார். “என்னாங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் நான் திடுக்கிட்டு எழுந்துவிட்டேன். ஐயா உள்ளே வந்தார்.

“எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு சொன்னீங்க. கடைக்காரத் தம்பி டிஸ்க்கக் கெடுத்துட்டாரு, பிள்ள படம் ஒண்ணுகூட மிஞ்சலன்னு சொன்னீங்க. போட்டோ அல்பத்தக் கிழிச்சது பத்தாம இதையும் நீங்கதான் அழிச்சீங்களா?”

“அவ நமக்கு வேணாம்னுதான்...”

“நமக்கா? என்னைய எப்ப கேட்டீங்க?”

நான் பேக்கப் எடுத்த பிறகு ஐயாவே அவற்றை அழித்திருக்கிறார், அதனால்தான் சேர்வருக்கு அவை புதிதாகத் தெரிந்திருக்கின்றன. இவ்வளவு காலமும் அந்த வீட்டில் மகளின் படங்களை அழித்த பாவி நான்! தேத்தண்ணி ஏன் வரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஐயா மேல் பொல்லாத கோபம் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை வெளியில் காட்ட மனம் வரவில்லை. அந்தப் பெட்டியை மட்டும் ஐயா ஏன் வீசாமல் வைத்திருந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

“தம்பி, அதெல்லாத்தையும் அழிச்சிருங்க,” என்றார் ஐயா. குரலில் பழைய அதிகாரம் இல்லை. “இது என் காசுல வாங்குன சாமான்.”

“பிள்ள யாரு காசுல பொறந்திச்சு?” என்றார் அம்மா.

ஐயா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த உதவி ஒன்றுதான். “அம்மா, இத எல்லாம் ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தரவா? ஒங்க கையிலயே இருக்கட்டும்.”

அம்மா உள்ளே போனார். குடையும் கைப்பையுமாகத் திரும்பி வந்தார்.

“எனக்கு எதுக்கு தம்பி? படம் இங்கயே இருக்கட்டும், இவரு பாக்கட்டும். நா பிள்ளையப் பாக்கப் போறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு மொனராகலை பஸ்ஸுக்கு நடந்தார். ஐயா தடுக்கவில்லை. டிவியை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்யுமுன், “இதுக்குப் பிறகு நீங்களா அழிச்சது ஏதாவது இருக்கா?” என்று கேளுங்கள். நான் அன்றிலிருந்து கேட்கிறேன். வீட்டு ஐயாவிடம் மட்டும் கேட்பதில்லை, அம்மாவையும் கூப்பிட்டு வைத்துத்தான் கேட்கிறேன்.