நான்காம் கட்டிலின் கம்பளி

சாம்பல் நிறக் கம்பளியைப் பார்த்தால் எனக்கு இன்றும் பயம். ஏற்காட்டில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸிங் படித்தபோது, வகுப்பறையின் ஓரத்தில் ஒரு காலிக் கட்டிலும் அதன்மேல் அப்படியொரு கம்பளியும் கிடந்தன. எண்பதுகளின் தொடக்கம் அது. சனிக்கிழமை மதியம் எங்களில் ஒருத்தி அதில் படுத்து, காலையில் தான் பார்த்த நோயாளியாகவே மாறி, நடந்ததைக் கதையாகச் சொல்ல வேண்டும். "நான்" என்பதற்குப் பதில் "அவங்க" என்று வாய் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. எங்கள் டியூட்டரம்மாவின் ஏற்பாடு. அவரைக் கண்டாலே நாங்கள் ஓரமாய் ஒதுங்குவோம்.

அந்தச் சனிக்கிழமை காலை காய்ச்சல் பார்ப்பது என் முறை. மூன்றாம் கட்டிலை முடித்துத் தெர்மாமீட்டரை உதறினேன்; கை நழுவித் தரையில் சிதறியது. அந்த மாதத்தில் நான் உடைத்த இரண்டாவது. "இன்னொண்ணு ஒடைச்சீன்னா பொட்டியக் கட்டிக்க, சாமி" என்று டியூட்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். மஞ்சக்குட்டையில் ஜீப் ஓட்டும் அப்பாவின் முகம் கண்முன் வந்தது. சில்லுகளைப் பஞ்சில் சுற்றி ஒளித்துவிட்டு, மிச்சமிருந்த மூன்று பேரின் தாளிலும் 98.4 என்று எழுதினேன். பாவி, கூசாமல் எழுதினேன்.

நான்காம் கட்டிலில் மாரமங்கலத்துப் பெண், பிரசவமாகி மூன்றாம் நாள். "ஏனுங்க, நொம்பக் குளுருதுங்க" என்றாள். மூடுபனி இறங்கிய மார்கழி. மலையில் யாருக்குத்தான் குளிரவில்லை? இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டு நகர்ந்தேன்.

மதியம் டியூட்டரம்மா என்னைப் பார்த்து, "நாலாங் கட்டிலு. படு கண்ணு" என்றார்.

படுத்துக் கம்பளியை இழுத்துக்கொண்டேன். "என்ற ஊடு மாரமங்கலமுங்க. காத்தால இருந்து பல்லு கிட்டிக்குதுங்க. நர்சம்மா வந்து கம்பளி போத்துனாங்க." அதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு கம்பளிக்கே இப்படி. இரண்டைப் போர்த்தியும் அவள் நடுங்கினாளே! ஐயோ, அது மலைக்குளிர் இல்லை.

"அப்புறம்?"

"காய்ச்சல் பாக்கலீங்க. என்ற மேல கையே வெக்கலீங்க" என்று அவளாகவே சொல்லி அழுதுவிட்டேன்.

பெட்டியைக் கட்டச் சொல்வார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "வேற எந்தக் கட்டிலு?" அஞ்சு, ஆறு என்றேன். செருப்புகூடப் போடாமல் வார்டுக்கு ஓடினார். மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை. நான்காம் கட்டிலில் நூற்று மூன்றைத் தாண்டியிருந்தது. பிரசவக் காய்ச்சல்.

ஆஸ்பத்திரி ஜீப்பில் சேலத்துக்கு இறக்கினார்கள். அவள் தலை என் மடியில். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். அடிவாரம் வருவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

அவளும் பிழைத்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்துக் குழந்தையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பாத்துச் சொல்லலீன்னா நான் போயிருப்பனுங்க" என்றாள். என்னை வீட்டுக்கு அனுப்பாத டியூட்டரம்மா பக்கத்தில்தான் நின்றார். என் வாயையே பார்த்தார். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். பயம் வந்துவிட்டது. "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது வேறொரு ஊரில் நானும் டியூட்டர். தெர்மாமீட்டர் டிஜிட்டலாகிவிட்டது; கீழே விழுந்தாலும் உடைவதில்லை. சனிக்கிழமைக் கட்டிலையும் கம்பளியையும் மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். "ஒரு வாட்டி நீங்க படுங்க மேடம்" என்று மாணவிகள் சீண்டுவார்கள். இடுப்பு வலி என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவேன். படுத்தால் அந்த மாரமங்கலத்துப் பெண்ணின் குரலில்தான் வாய் திறக்கும்: "ஏனுங்க நர்சம்மா, அன்னைக்கே என்றகிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"