பின்னால் முப்பது பேர்

தெருவில் அவளுக்கு நீலத் தொப்பி என்றுதான் பெயர். நீலத் தொப்பி போடும் ஐ.நா. அமைதிப்படையில் சேர்ந்து, சண்டை ஓயாத ஒரு தேசத்தில் நாலு வருடம் வேலை பார்த்த போலீஸ்காரி. அகதி முகாமிலிருந்து விறகு பொறுக்கப் போகும் பெண்களுக்குத் துப்பாக்கியோடு துணை போவது அவள் வேலை. அவள் போன நாட்களில் ஒருத்திக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

வீட்டில்தான் கோட்டை விட்டாள். புருஷன் இல்லை, ஆறு வயது மகளை அக்காவிடம் விட்டுப் போயிருந்தாள். படைக்கு இருந்ததோ ஒரே போன். ஆளுக்கு ஐந்து நிமிடம், பின்னால் முப்பது பேர். நேரம் தாண்டினால் யாரும் திட்டமாட்டார்கள், சும்மா பார்ப்பார்கள். அதற்குத் திட்டே தேவலை. அதனால் மகள் பாதிப் பேச்சில் இருந்தாலும், "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிடப் பழகினாள்.

திரும்பி வந்தபோது மகள் பெரியம்மா வீட்டை விட்டு வர மறுத்துவிட்டாள். இவளும் இழுத்து வரவில்லை, தனியாக அழுததோடு சரி. பிறகும் போனில்தான் பேச்சு. பாழாய்ப்போன பழக்கம், ஐந்தாவது நிமிடம் கை தானாக வைத்துவிடும். வைத்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

இப்போது அவள் ஓய்வு பெற்றாயிற்று, அக்காவும் போய்ச் சேர்ந்தாயிற்று. இந்த வாரம் அமைதிப்படையினரைக் கௌரவிக்கும் விழா. அவளுக்கு மேடையில் பதக்கம், குடும்பத்துக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி. அதில் மகள் வந்து உட்கார வேண்டும், வேறு ஆசை கிடையாது. வெளியூரில் வேலை பார்க்கும் மகளை வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டாள்.

மகள் முதலில் லீவு இல்லை என்றாள். பிறகு, கிடைத்தாலும் வரப்போவதில்லை என்று கோபமே இல்லாமல் சொன்னாள்.

"அங்க உன்னப் பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க. எனக்கு உன்ன அஞ்சு நிமிஷத்துக்கு மேல தெரியாதும்மா. சின்ன வயசுல உங்கிட்ட சொல்ல வேண்டியத நோட்டுல வரிசையா எழுதி வச்சுக்குவேன். கடைசி ரெண்டு விஷயம் எப்பவும் சொல்லாமயே நின்னுடும்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அந்த ரெண்டையும் இப்ப சொல்லேன்."

"இப்ப ஞாபகம் இல்லம்மா."

ஐந்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. "வைக்கட்டுமா?" என்று இந்த முறை மகள் கேட்டாள்.

"வைக்காத" என்றாள். மகள் வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை.